சுவருக்குள் போன நட்சத்திரம்

பெங்களூர், 1938

காரிமங்கலத்தில் இருக்கும் வீட்டுக்காரருக்குச் சலாம். உங்கள் மூட்டுவலி, பேத்தியின் இருமல் எப்படி? பள்ளிவாசல் கட்டும் ஆட்களுக்குச் சமைத்துக்கொண்டு நான் சுகமாக இருக்கிறேன்.

நம் மகன் தஸ்தகீர் ஜன்னலுக்குச் சுண்ணாம்பில் நட்சத்திரப் பின்னல் செய்தான். ஓரத்தில் இடம் போதாமல் கடைசி நட்சத்திரத்தை மட்டும் சின்னதாகக் குறுக்கி, முழுசாகவே உள்ளே அடக்கிவிட்டான். மேஸ்திரி அதை உடைத்துப் போட்டார்.

"பாதி நட்சத்திரம் யாருக்குங்க வேணும்?" என்று கேட்டேன்.

"பாதியிலயே வுடணும், ஆயா. மீதி சுவத்துக்குள்ள போவுதுன்னு பாக்கறவங்களுக்குத் தெரியும்" என்றார்.

அவன் வேலை போகவில்லை, அவர் சொன்னபடி மறுபடி செய்துவிட்டான்.

இங்கே குளிர். கம்பளி அனுப்புங்கள்.

உங்கள் தம்பி நம் வாசல் நடுவே எழுப்பிய சுவரை நான் மறக்கவில்லை. அவரைக் கட்டிக்கொண்ட என் தங்கை பியாரி அந்தப் பக்கம் எப்படி இருக்கிறாள் என்று கேட்கமாட்டேன். நீங்களாக எழுதினால் படிப்பேன்.

சோறு பொங்குகிறது.

ஜான் பீ