மில்யூவும் ஒரு தட்டு லாமிங்டனும்

கின்டூரா, மாலி கோதுமை வட்டாரம்
12 மார்ச் 1967

அன்புள்ள ஜூடித்,

சௌக்கியமாக ஊர் வந்து சேர்ந்தேன். ரயிலில் எட்டு மணி நேரம் உட்கார்ந்த இடுப்பு இன்னும் நேராகவில்லை. உன் நிச்சயதார்த்த விருந்து கண்ணிலேயே நிற்கிறது. எட்மண்ட் நல்ல பிள்ளை, பேசும்போது முகத்தைப் பார்த்துப் பேசுகிறார். அவருடைய அம்மாதான் என் தொப்பியை இரண்டு தடவை பார்த்தார்கள். போகட்டும், விலை கேட்கவில்லையே.

ஒரு விஷயம். மறுநாள் காலை துண்டு காயப்போடத் துணி துவைக்கும் அறைக்குப் போனேன். விருந்துக்கு நான் கொண்டுவந்த தட்டு அங்கே மெஷின் மேல் இருந்தது. மூடிய துணி மூடியபடியே. சாக்லேட்டில் தோய்த்துத் தேங்காய்த் துருவலில் புரட்டிய முப்பத்தாறு லாமிங்டன் கேக், ஒன்றுகூடக் குறையவில்லை. மடியில் வைத்துக்கொண்டே வந்தேன், ஜூடித். சாக்லேட் உருகாமல் ஜன்னலோரம் மாறி மாறி உட்கார்ந்தேன்.

கேட்டால் உனக்குச் சங்கடம் என்று பேசாமல் வந்துவிட்டேன். தட்டை மட்டும் அனுப்பிவை. அடுத்த மாதம் தேவாலயக் கூடத்தில் அறுப்பு விருந்து. வழக்கம்போல் 'பெண்கள் ஆளுக்கொரு தட்டு' என்று எழுதி ஒட்டிவிட்டார்கள், பலகாரத் தட்டில்லாமல் எப்படிப் போவது?

உன் அக்கா,
ஏவிஸ்

மெல்போர்ன்
20 மார்ச் 1967

அன்புள்ள அக்கா,

தப்பாக எடுத்துக்கொள்ளாதே. இங்கே விருந்து என்றால் சமையல்காரர்களை வைத்துச் செய்வார்கள். விருந்தாளிகள் யாரும் பலகாரம் கொண்டு வருவதில்லை. அந்த வெள்ளித் தட்டுகளுக்கு நடுவே உன்னுடையதை வைத்தால் நாலு பேர் நாலு விதமாகப் பார்ப்பார்கள். நீ மனம் நோகக்கூடாதே என்றுதான் உள்ளே வைத்தேன். நம் மில்யூ வேறு, இவர்கள் மில்யூ வேறு. அதற்கு யாரும் பொறுப்பில்லை.

ஜூனில் கல்யாணத்தைச் சிறியதாக வைத்துக்கொள்ளப் போகிறோம். எல்லாம் எட்மண்ட் வீட்டு ஆட்கள், பல்கலைக்கழகத்து ஆட்கள். அவ்வளவு தூரம் நீ அலைய வேண்டாம். பிறகு நாங்களே அங்கு வந்து உன்னைப் பார்க்கிறோம்.

அன்புடன்,
ஜூடித்

கின்டூரா
4 ஏப்ரல் 1967

அன்புள்ள ஜூடித்,

உன் கடிதத்தில் இருந்த அந்தச் சொல் எனக்குப் புரியவில்லை. பள்ளிக்கூடத்து ஹாலட் வாத்தியாரிடம் போனேன். பெரிய அகராதியைத் திறந்து, பிரெஞ்சிலிருந்து வந்தது, ஒருவர் வாழ்கிற சமூகச் சூழல் என்று படித்துக் காட்டினார்.

"அப்போ சூழல்னு சொன்னா போதாதா?" என்று கேட்டேன்.

"போதும் ஏவிஸ். இது கொஞ்சம் கோட்டு போட்ட சொல்லு, அவ்வளவுதான்" என்றார்.

டெலிபோன் நிலையத்தில் டாட்டிடம் சொன்னதுதான் தப்பு. இப்போது லைன் போடும்போதெல்லாம் "ஏவிஸ், உங்க மில்யூல டீ ஆச்சா?" என்று கேட்கிறாள். அவள் புருஷன் கிளெம் கோதுமை லாரிக்கு அந்தப் பெயரை வைக்கப்போகிறானாம். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலி.

வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

சொல்லில் ஒரு குறையும் இல்லை, ஜூடித். ஒரு ஆளைச் சுற்றி யார் யார் இருந்தார்கள் என்பதைச் சொல்கிற சொல். அப்படிப் பார்த்தால் பதினெட்டு வருஷம் உன்னைச் சுற்றி இருந்தது நாங்கள்தான். "எனக்கு வெட்கமாக இருக்கிறது அக்கா, வராதே" என்று நீ எழுதியிருந்தால் ஒரு வாரம் அழுதிருப்பேன், பிறகு மன்னித்திருப்பேன். அதைச் சொல்ல ஒரு பிரெஞ்சுச் சொல்லை அனுப்பிவிட்டாய். அதுதான் ஆறவில்லை.

கல்யாணத்துக்கு வரமாட்டேன், கவலைப்படாதே. தட்டும் வேண்டாம், வேறு வாங்கிக்கொண்டேன்.

ஏவிஸ்

மெல்போர்ன்
23 ஏப்ரல் 1967

அன்புள்ள அக்கா,

இதைப் பத்து தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

ஆமாம், வெட்கப்பட்டேன். உன் தொப்பிக்கு, உன் பேச்சுக்கு, அந்தத் தட்டுக்கு. உன்னிடம் சொல்ல தைரியம் இல்லாமல் பெரிய வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

உன் லாமிங்டன்களை எறிய மனம் வரவில்லை, டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். நேற்று ஒன்றை எடுத்துக் கடித்தேன். கல்லாகிவிட்டது. நின்றபடியே அதை முழுவதும் தின்றேன். பிறகு தட்டைக் கழுவித் திருப்பினேன். அடியில் பிளாஸ்திரி ஒட்டி, உன் கையெழுத்தில் 'ஏவிஸ் ட்ரெகியர்'.

அம்மா போனபோது எனக்கு ஆறு வயது. ஏழு வாரம் நம் வீட்டில் அடுப்பு எரியவில்லை. வாசலில் தினம் ஒரு தட்டு இருக்கும். யாருக்குத் திருப்பித் தரவேண்டும் என்று அடியில் பார்த்துச் சொல்வது என் வேலை. பாஸ்கோ, ஹிக்ஸ், பெந்தால். எழுத்துக் கூட்டிப் படிக்க நான் கற்றது அந்தப் பிளாஸ்திரிகளில்தான். அதை மறந்துவிட்டு உனக்கு மில்யூ என்றால் என்னவென்று எழுதியிருக்கிறேன்.

எட்மண்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அத்தனையும் என்கிட்ட மறைச்சிட்டு நீ மட்டும் தின்னியா?" என்று கோபித்துக்கொண்டார். அழைப்பிதழைத் திரும்ப அச்சடித்தோம். அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன், பார். 'பெண்கள் ஆளுக்கொரு தட்டு.' பேராசிரியர்கள் மனைவிமார் எல்லோருக்கும் அதுதான் போயிருக்கிறது. எட்மண்டின் அம்மாவுக்கு இதுவரை கேக் செய்து பழக்கமில்லையாம். "எத்தனை முட்டைம்மா?" என்று இன்று என்னைக் கேட்டார்கள்.

உன் தட்டைத் தபாலில் அனுப்பமாட்டேன். நீதான் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். வருவாயா, அக்கா?

உன்
ஜூடித்

தந்தி
கின்டூரா, 27 ஏப்ரல் 1967

வருகிறேன். டாட் வருகிறாள். கிளெம் வருகிறான். ஹிக்ஸ் குடும்பம் வருகிறது. மில்யூ முழுவதும் வருகிறது. லாரி நிறுத்த இடம் பார். முட்டை ஆறு என்று அந்த அம்மாளிடம் சொல். அக்கா.