எழுபது தப்படி தூரத்துத் தர்பூசணி

ஜனவரி 5, திங்கள்

பனி. எட்டு மணி வரை சிறுமலை தெரியவில்லை. மண்டிக்கு ஆரஞ்சு லோடு வந்தது. மேலே பளபளப்பு, அடியில் அழுகல். லாரியோடு திருப்பி அனுப்பினேன்.

கோயம்புத்தூரிலிருந்து மகள் கவிதா அனுப்பிய பொட்டலம் வந்தது. உள்ளே ஐந்தே ஐந்து தர்பூசணி விதை. ராட்சச ரகமாம். எந்த நாட்டிலோ ஒருவன் பழத்தின் மேல் குதிரை மாதிரி ஏறி உட்கார்ந்திருக்கும் வீடியோவை என் மனைவி பாக்கியம் போனில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறாள். "நம்ம தோட்டத்துல வச்சா வருமா?" என்று மகளிடம் கேட்டிருக்கிறாள். என்னிடம் கேட்கவில்லை. போகட்டும். குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆகி மூன்று மாதம். அதற்குப் பிறகு அவளாகக் கேட்ட முதல் பொருள் இந்த விதை.

டாக்டர் இன்று சொன்னது, மறக்காமல் இருக்க: "எலும்பு கூடியாச்சு. இனி நடக்காம இருந்தா கால் மடங்கிப் போகும். அப்புறம் படுக்கைதான்." பா. வாக்கரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை போகிறாள். அதற்கு மேல் ஒரு தப்படி வைக்க மாட்டாள். பயம்.

ஜனவரி 7

விதையை வெந்நீரில் ஊறப்போட்டு, மண் நிரப்பிய ஐந்து டம்ளரில் ஊன்றினேன். கட்டிலில் சாய்ந்தபடி பா. மேற்பார்வை.

"ஏங்க, கூரு கீழ பாக்கணும். மல்லாக்கப் போடுறீங்க."

"எல்லாம் மொளைக்கும், இரு."

"முப்பது வருசமா பழம் வித்தீங்க. ஒரு வெத ஊனத் தெரியல."

உண்மைதான். கொடைரோடு ஸ்டேஷனில் கூடையைத் தலையில் வைத்து ஆரம்பித்தவன் நான். பழமான பிறகுதான் எனக்கு எதுவும் தெரியும். அவள் கன்னிவாடிப் பக்கம் காட்டில் வளர்ந்தவள்.

டம்ளர்கள் அவள் கட்டில் பக்கத்து சன்னலில்.

ஜனவரி 14, போகி

மூன்று முளைத்துவிட்டன. ஒன்று அழுகல், ஒன்றை எலி தோண்டித் தின்றது. இரண்டு இலை, தடிமனாக, குழந்தை உள்ளங்கை மாதிரி.

காலையில் நான் காப்பியோடு வந்தபோது பா. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வாக்கர் கட்டிலோரம். நிற்கிறோம் என்பதே அவளுக்கு நினைவில்லை. நான் நிலைப்படி தாண்டவில்லை. காப்பியில் ஆடை படிந்துவிட்டது.

உடற்பயிற்சி சொல்லித்தர பேகம்பூரிலிருந்து வரும் பாத்திமா போகும்போது வாசலில் மெதுவாகச் சொன்னாள்: "கால்ல ஒண்ணும் இல்ல அங்கிள். எங்கயாவது போகணும்னு அவங்களுக்குத் தோணணும். அம்புட்டுத்தான்."

இரவுச் சாப்பாடு வரை யோசனை. நாற்றைச் சன்னலுக்கு அடியிலேயே நட்டால் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருப்பாள். வாங்குபவனைக் கடைக்குள் இழுக்க நல்ல பழத்தை உள்ளே தள்ளி அடுக்குவேன். அதே கணக்கு.

ஜனவரி 21

காம்பவுண்டுச் சுவரோரம் தென்மேற்கு மூலையில் குழி. வாசலிலிருந்து என் காலுக்கு எழுபது தப்படி. கடப்பாரை போட்டால் நெருப்புப் பறக்கிறது, அப்படியொரு மண். ஆள் வைத்துத் தோண்டி இரண்டு வண்டி எரு கொட்டினேன்.

"அம்புட்டுத் தூரத்துலயா?" என்றாள்.

"அங்கதான் மண்ணு நல்லாருக்கு."

என் முகத்தைச் செத்த நேரம் பார்த்தாள். "சரி" என்றாள்.

மூன்று நாற்றும் நட்டாயிற்று. காவல் ஏற்பாடு, எல்லாம் பா. சொன்னது:
அடி வெட்டிய தண்ணீர் கேன் மூன்று, ஆளுக்கு ஒன்று கவிழ்க்க. வெயில் ஏறியதும் மூடியைத் திறக்க வேண்டும்.
சிவப்பு வண்டுக்கு அடுப்புச் சாம்பல். இலையில் பனி ஈரம் இருக்கும்போதே.
மயிலுக்குச் சுற்றிலும் பழைய சேலை.

ஜனவரி 23

என் தப்பு. திராட்சை லோடு விவகாரத்தில் மூடியைத் திறக்காமல் மண்டிக்குப் போய்விட்டேன். மதியம் பா. போன். "மூடியத் தொறந்தீங்களா?" வண்டியை விரட்டிக்கொண்டு வந்தேன். ஒரு நாற்று கேனுக்குள் வெந்த கீரை. மற்ற இரண்டும் பிழைத்தன.

பா. வாசல்படியில் நின்று கத்தினாள். "பச்சப்புள்ளையப் பூட்டி வச்சுட்டுப் போவீகளா? நீங்கள்லாம் ஒரு மனுசனா?" திட்டு வாங்கிக்கொண்டே கவனித்தேன். கட்டிலிலிருந்து வாசல்படி பதினெட்டுத் தப்படி. எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

ஜனவரி 28

"அங்க பச்சையா என்னங்க கட்டியிருக்கீங்க?"

"பழைய சேல."

"அது சின்னாளபட்டிச் சுங்குடி! ரெண்டு தடவதான் கட்டியிருக்கேன்!"

வாக்கரை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கிவிட்டாள். நான் பின்னாலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு ஓடினேன். முப்பத்தைந்தாவது தப்படியில் மூச்சு வாங்கியது. நாற்காலியைப் போட்டேன். உட்கார்ந்து, தூரத்தில் காற்றில் ஆடும் சேலையைப் பார்த்தாள்.

"கட்டுன பொண்டாட்டி சேலைய மயிலுக்குக் குடுத்த ஆளு ஊருலயே நீங்கதான்."

"அவுத்துட்டு வரவா?"

"வேணாம். காத்துக்கு அடக்கமா இருக்கு. இருக்கட்டும்."

பிப்ரவரி 6, வெள்ளி

பொழுது விடியும்போதே அகவல். சேலைக்கு அடியில் நுழைந்து மயில் ஒரு செடியைக் குருத்தோடு கிள்ளிவிட்டது. மிச்சம் ஒன்றே ஒன்று. அதிலும் இரண்டு இலையில் வண்டு ஓட்டை.

நான் குழியருகே குந்தியிருந்தேன். பின்னால் டக் டக் என்று வாக்கர் சத்தம். திரும்பவில்லை. திரும்பினால் நின்றுவிடுவாளோ என்று பயம். வந்துவிட்டாள். எழுபதும். அவள் காலுக்கு நூற்றுப்பத்துக்குக் குறையாது.

"தள்ளுங்க" என்றாள். கிள்ளப்பட்ட செடியைப் பார்த்தாள், மிச்சமிருந்த ஒன்றையும் பார்த்தாள். "நீங்க மண்டிக்குப் போங்க. இத நான் பாத்துக்கறேன். நாற்காலிய இங்க கொண்டாங்க."

மண்டியில் இன்று என்ன விற்றது என்று நினைவில்லை.

பிப்ரவரி 17

கொடி சுவரைத் தொட்டுவிட்டது. பா. தினமும் இரண்டு வேளை. வாக்கர் போய்க் கைக்கம்பு. கம்பு நடக்க அல்லவாம், மயில் விரட்டவாம். பாத்திமா இனி வாரம் ஒருநாள் வந்தால் போதும் என்கிறாள்.

மார்ச் 4

காலை ஆறரை. ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, பிஞ்சோடு இருக்கும் பெண் பூவில் தடவ வேண்டும். எனக்குக் கூச்சம். கை பூவருகே போய் நின்றுவிட்டது.

"பையத் தொடுங்க. பயப்படுறதப் பாரு. ரெண்டாவது கல்யாணமா கட்டி வைக்கிறேன்?"

சிரித்தாள். அக்டோபருக்குப் பிறகு நான் கேட்கும் சிரிப்பு. மூன்று பூவுக்கும் தடவினேன்.

மார்ச் 12

மூன்றும் பிடித்தன. ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளச் சொன்னாள். ஒரு கொடிக்கு ஒரு காய், அப்போதுதான் பெருக்கும். கழிப்பது எனக்குப் புதிதா? தினமும் பெட்டி பெட்டியாகக் கழிப்பவன். இன்று அந்த இரண்டு பிஞ்சையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மண்டிக்குப் போனேன். எறிய மனமில்லை. அசடு.

மார்ச் 28, சனி

காய் இப்போது அரிசிமூட்டைக் குட்டி. அடியில் வைக்கோல், அதற்கு மேல் சாக்கு.

ஏப்ரல் 19 விவசாயக் கண்காட்சியில் பெரிய பழப் போட்டிக்கு அவள் பெயரில் எழுதிக் கொடுத்தேன். விதி: முந்தின நாள் அறுத்த பழமாக இருக்க வேண்டும். காம்பு பச்சையாக, ஒரு சாண் கொடியோடு. காய்ந்த காம்பு என்றால் தராசில் ஏற்ற மாட்டார்கள்.

போன வருடம் ஜெயித்த ஒட்டன்சத்திரத்துக்காரர் மண்டிக்கு வந்தார். "ஏனுங்க, நீங்களும் பழம் வெச்சிருக்கீங்களாமா? விக்கறவீங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை?" வீட்டில் வந்து சொன்னேன். பா.வுக்கு ரோஷம். "மேடையில ஏறி அந்தாளு மொகத்தப் பாக்கணும்" என்றாள். மேடை ஏறுவதைப் பற்றி அவளே பேசுகிறாள்!

ஏப்ரல் 7, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

காலையில் தனியாகப் போனேன். எடை எவ்வளவு இருக்கும் என்று ஒரு நினைப்பு. ஒரு பழத்தைக் கையில் ஏந்தினால் நூறு கிராம் பிசகாமல் சொல்வேன், மண்டியில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு கையையும் அடியில் கொடுத்து, கொஞ்சமே கொஞ்சம் தூக்கினேன். பழுக்க ஆரம்பித்து அடியில் மஞ்சள் விழுந்துவிட்டதா பார்க்க லேசாகத் திருப்பினேன். முப்பது வருடப் பழக்கம். கை என்னைக் கேட்கவில்லை.

'டொக்'.

காம்பு காயோடு ஒட்டும் இடத்தில் சுத்தமாக விட்டுவிட்டது.

முப்பத்தொரு கிலோ, கை சொன்னது. என்ன பிரயோசனம்.

செத்த நேரம் அதைக் கட்டிக்கொண்டே குந்தியிருந்தேன். பிறகு பழையபடி சாக்கில் வைத்து, காம்பை அது இருந்த இடத்திலேயே பொருத்தி, ஒரு இலையை மேலே இழுத்துவிட்டேன். போட்டி போனால் போகட்டும். இது போச்சு என்று தெரிந்தால் எதற்கு அந்த எழுபது தப்படி நடப்பாள்? திரும்பக் கட்டிலுக்குப் போய்விடுவாள்.

மண்டியில் அழுகலை அடியில் வைத்து அனுப்புகிறவனை நாயே பேயே என்பேன். இன்று நான்.

ஏப்ரல் 8

பா. வழக்கம்போல் வந்தாள். காயைத் தட்டிப் பார்த்தாள். வேருக்குத் தண்ணீர் ஊற்றினாள். நான், "இன்னைக்கு இன்னும் கொஞ்சம் பெருத்திருக்கு" என்றேன். "ம்" என்றாள்.

ஏப்ரல் 12

ஐந்து நாளாகத் தண்ணீர் ஊற்றுகிறாள். நானும் பெருத்திருக்கு, பெருத்திருக்கு என்கிறேன். கவிதா போனில், "அம்மா மேடைக்குப் புதுச்சேல எடுக்கச் சொல்றாங்கப்பா" என்றாள்.

ஏப்ரல் 18, சனி

வெக்கை. அறுக்க வேண்டிய நாள். கத்தியை எடுத்துக்கொண்டு போனேன். வழியில் வார்த்தையைக் கூட்டிக் கூட்டி வைத்தேன். பா. முன்னமே நாற்காலியில்.

"பாக்கியம், ஒண்ணு சொல்லணும்."

"காம்பு விட்டுப் போச்சு. அதான?"

கத்தியைக் கீழே வைத்தேன்.

"பக்கத்துல கொடிச்சுருளு பச்சையா இருக்கு, காம்பு மட்டும் காஞ்சிருக்கு. பாத்த அன்னைக்கே தெரியும். தூக்கிப் பாத்தீகளாக்கும்?"

"பெறகு ஏன் தெனமும் தண்ணி ஊத்துன?"

"நீங்க ஏன் தெனமும் பெருத்திருக்குன்னு சொன்னீங்க? அதுக்குத்தான்."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கம்பு நுனியால் மண்ணைக் கிளறியபடி அவளே சொன்னாள்: "இந்த மூல சுக்கான் பூமி. ஒரு புல்லு மொளைக்காது. இங்கதான் மண்ணு நல்லாருக்குன்னு நீங்க சொன்னப்பவே எனக்குத் தெரியும், மண்ணுக்காக இல்லன்னு."

ஜனவரியிலிருந்தே. நான் பெரிய வியாபாரி.

ஏப்ரல் 19, ஞாயிறு

கண்காட்சிக்குப் போகவில்லை. ஒட்டன்சத்திரத்துக்காரர் ஜெயிக்கட்டும்.

காலை வெயிலுக்கு முன்னால் அந்த மூலையிலேயே வைத்து அறுத்தோம். உள்ளே வெளிர் ரோஸ், பாதி வெள்ளை. தின்று பார்த்தாள். "வெள்ளரிக்கா மாதிரி இருக்கு." ஆனாலும் இரண்டாவது துண்டும் கேட்டாள். நான் மூன்று. மண்டியாக இருந்தால் தொட்டிருக்க மாட்டேன்.

விதை பெரும்பாலும் வெள்ளை. விரலால் துழாவி, கறுத்ததாக ஐந்து எடுத்து முந்தானையில் முடிந்தாள்.

"அடுத்த தடவ சன்னலுக்குப் பக்கத்துலயே நடுவோம். மண்ணும் நல்ல மண்ணு" என்றேன்.

"வேணாம். இந்த மூலையே இருக்கட்டும்."

சுங்குடியைக் கம்பத்திலிருந்து அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் கத்தி, சாக்கு, தோல் எல்லாம் பொறுக்கி எடுத்து நிமிர்ந்தபோது வாசல்படி ஏறிக்கொண்டிருந்தாள்.

அவள் கைக்கம்பு இங்கே நாற்காலியில் சாய்ந்து கிடந்தது. எடுத்து வந்து கதவுக்குப் பின்னால் வைத்தேன். அவளிடம் சொல்லவில்லை.