தட்டில் வராத பணம்

ஜூலை 6, வியாழன்

காலையில் முதல் வேலையாக அரிசி டின்னுக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தேன். பொட்டலம் இருக்கிறது. இருபத்தைந்து நூறு ரூபாய் நோட்டுகள். பிறகுதான் பல் தேய்த்தது. வானம் மூட்டமாக இருந்து வெளுத்துவிட்டது. புழுக்கம்.

நேற்று நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன். பின்னால் யாராவது வேறு மாதிரிச் சொன்னால் பார்த்துக்கொள்ள.

அண்ணி நேற்று நான் வேலை பார்க்கும் நூலகத்துக்கே வந்துவிட்டாள். தனியாக. பழமலைநாதர் கோயிலுக்கு வந்தாளாம். நெற்றியில் விபூதி இல்லை. மேஜையில் நாலு பேர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பேப்பர் அலமாரிக்குப் பின்னால் கூப்பிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"சொரங்கத்துக்கு நெலத்தை எடுத்தாங்கல்ல, பணம் வந்துடுச்சு. இது ஒங்க பங்கு. ஒங்கண்ணன் குடுத்துட்டு வரச் சொன்னாரு."

நான் வாய் திறப்பதற்குள், "கடுதாசி கிடுதாசி போட வேணாங்க. நானே சொல்லிக்கிறேன். பஸ்ஸு போயிடும்." டீ வேண்டாம் என்றாள். என்னைவிட ஐந்து வயது சின்னவள், நடையைப் பார்த்தால் பத்து வயது மூத்தவள் மாதிரி.

சந்தேகங்கள்:

தங்கைக்குக் கொடுப்பது என்றால் தட்டில் வரும். வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், குறைந்தது ஒரு ரவிக்கைத் துணி. அண்ணன் கையால் வரும். அப்பா இறந்த வருஷம் பொங்கலுக்கு அண்ணன் வெறும் பதினோரு ரூபாய் கொடுத்தபோதுகூடத் தட்டில்தான் வந்தது.

அண்ணி முருங்கைக்காயையே எண்ணிக் கொடுப்பவள்.

எனக்குப் பங்கு உண்டு என்று இத்தனை வருஷத்தில் ஒருவரும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறார்கள் என்றால் விடுதலைப் பத்திரம் வருகிறது. அத்தை மகளுக்கு இப்படித்தான். புடவை, இருநூறு ரூபாய், வடை பாயசத்தோடு சாப்பாடு. கை கழுவியதும், 'இனி எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை' என்று கையெழுத்து. ஊரில் வீட்டையும் சுரங்கத்துக்கு எடுக்கப்போகிறார்கள் என்று கேள்வி. அந்தப் பணம் பெரிதாக இருக்கும்.

ஆடி பிறந்துவிட்டால் பத்திரம் எழுதமாட்டார்கள். ஆக, பத்து நாளைக்குள் வருவார்கள்.


ஜூலை 7, வெள்ளி

நூலகம் விடுமுறை. டின்னைச் சுற்றி அரிசி சிந்திக் கிடந்ததைப் பார்த்து இவர் கேட்டுவிட்டார். சொல்லவேண்டியதாயிற்று.

முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். கல்யாணத்தன்றுகூட இவ்வளவு இல்லை.

"நம்ம ரத்தினம் பீங்கான் சூளைக்கு ஒரு பங்கு ஆளு தேடறான். நேரம் பாரேன்."

"நான் யோசிக்கணும்."

"யோசிக்கறதுக்கு என்ன இருக்குது? நமக்குப் பிள்ளையா குட்டியா. ஒரு தொழில்ல போட்டா அது வளரும்."

பிள்ளையா குட்டியா. அதைச் சொல்லாமலும் இந்த வாக்கியத்தை முடித்திருக்கலாம்.

நான் யோசித்தவை: தையல் மிஷின். பின்கட்டு ஓடு மாற்றுவது. தபால் ஆபீஸில் போட்டுவிடுவது. காசிக்கு ஒரு தடவை (இவர் இல்லாமல்). எதையும் முடிவாக நினைக்க முடியவில்லை. ஏன் கொடுத்தாள் என்று தெரியாத பணத்தை எப்படிச் செலவழிப்பது.

மீன்காரிக்குப் பாக்கி 1.50.


ஜூலை 8, சனி

சாயங்காலம் ரத்தினம் வந்தார். கையில் வைக்கோல் சுற்றிய ஆறு கப்புகள். பத்து வருஷமாக இவருடைய சிநேகிதர். இதுவரை ஒரு சாம்பல் கிண்ணம்கூடக் கொண்டுவந்ததில்லை.

"நம்ம சூளை சரக்கு அக்கா. வெளியூருக்குப் போறது."

"பணம் வந்தது உங்களுக்கு யாரு சொன்னது?"

"என்ன பணம் அக்கா?" என்று இவரைப் பார்த்தார். இவர் ரேடியோவைப் பார்த்தார்.

போனபின் ஆறையும் சுண்டிப் பார்த்தேன். ஐந்து கிண்ணென்றது. ஆறாவது, மரக்கட்டையைத் தட்டியதுபோல். தண்ணீர் ஊற்றி வைத்தேன். அரை மணியில் அடியில் ஈர வளையம். இவரிடம் காட்டினேன்.

"ஆறுல ஒண்ணு எல்லா சூளையிலயும் போவும்டீ."

தனக்கு விலை போகாததை ர. நமக்குக் கொண்டுவருகிறார். கப்பும், பங்கும்.


ஜூலை 10, திங்கள்

ர.விடம் வெள்ளிக்கிழமை பணம் தருவதாக இவர் சொல்லிவிட்டாராம். காலையில் சட்டை மாட்டும்போது, இட்லி நன்றாக இருந்தது என்பதுபோல் சொல்கிறார்.

பொட்டலத்தை நூலகத்துக்குக் கொண்டுபோனேன். கிழிந்த புத்தகங்கள் வைக்கும் பீரோவில், பைண்டிங்குக்குப் போகவேண்டிய அட்டை இல்லாத கலைக்களஞ்சியத்துக்குப் பின்னால். சாவி ஒன்றுதான். என் இடுப்பில்.

தெரு விளக்குக்காக ஒரு மனு கொண்டுவந்தார்கள். முப்பது பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இரண்டு தடவை படித்தேன். தாளைத் திருப்பியும் பார்த்தேன். மனு கொண்டுவந்தவர், "வெளக்குக்குத்தாம்மா" என்றார். அப்புறம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். இருட்டில் தடுக்கி விழப்போகிறவர்களில் நானும் ஒருத்தி.


ஜூலை 11, செவ்வாய்

அண்ணன் வந்தார். எதிர்பார்த்ததுதான். பத்து மணி, இவர் வேலைக்குப் போன பிறகு. நான் நூலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அதுவும் எதிர்பார்த்ததுதான்.

தட்டு இல்லை. அரைப்படி வேர்க்கடலை, மஞ்சள் பையில். காபி குடித்தார். பணம் கிடைத்ததா என்று கேட்கவில்லை. பிறகு சட்டைப் பைக்குள் கையை விட்டு நாலாக மடித்த தாளை எடுத்தார். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டேன்.

லாரிக்கு முன்பணம் கட்டிய ரசீது.

"பாதிப் பங்கு. பங்காளி நல்ல மனுசன், டீக்கடையில பழக்கம். வந்ததுல பெரும்பாலும் இதுல போட்டாச்சு. மீதியும் ரெண்டு மாசத்துல கட்டணும்."

"வீடு?"

"அவளும் அதையேதான் சொல்றா. வூட்டை எடுத்துட்டா எங்க போறது, ஒரு மனை வாங்கிப் போடுன்னு. வூடு சம்பாதிக்குமா சொல்லு? லாரி சம்பாதிக்கும்."

அப்புறம் குரலை இறக்கினார்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சிக்க. பொட்டியில ரெண்டாயிரத்து ஐநூறு கொறையுது. அவ அம்மா வூட்டுக்குக் கொண்டுபோயிட்டா. கருவேப்பிலங்குறிச்சிக்குப் போனியாடீன்னு கேட்டா, சாமி மேல சத்தியம் பண்றா, போவலன்னு."

என் காதுக்குள் ரயில் போனதுபோல் இருந்தது. வெளியே உண்மையிலேயே கூட்ஸ் ஒன்று போய்க்கொண்டிருந்தது.

"நீ படிச்சவ. நைசாப் பேசி அவ வாயிலேருந்து வாங்கு."

"கேட்டுப் பாக்கறேன்."

அவ்வளவு சுலபமாக வந்தது பொய். அண்ணனிடம் நான் சொன்ன முதல் பொய் இல்லை, ஆனால் முதல் பெரிய பொய்.

வாசலில் செருப்பு மாட்டும்போது ஒருமுறை திரும்பி, எங்கள் அரிசி டின்னைப் பார்த்தார். அல்லது அதற்கு மேலிருந்த காலண்டரை. சந்தேகம்தான் அப்பா எங்கள் இருவருக்கும் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்தது. அதை எந்தச் சுரங்கமும் எடுக்காது.


ஜூலை 12, புதன்

கையெழுத்தே யாரும் கேட்கவில்லை. ஒரு வாரமாக இல்லாத பத்திரத்துக்குப் பயந்திருக்கிறேன்.

அது எனக்கு வந்த பணம் இல்லை, லாரிக்குப் போகாமல் என்னிடம் ஒளித்துவைத்தது. அதனால்தான் தட்டு இல்லை. தட்டில் வைத்துக் கொடுத்தால் கொடுத்ததாகிவிடும். திரும்பக் கேட்க முடியாது.

நேராகவே 'வச்சிருங்க' என்று சொல்லியிருக்கலாமே. சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? அண்ணனுக்குத் தெரியுமா என்று கேட்டிருப்பேன். கடுதாசி போட்டிருப்பேன். என்னை அவள் சரியாகத்தான் கணித்திருக்கிறாள். பங்கு என்றால் வாங்கிக்கொள்வேன், வாங்கினதை யாருக்கும் காட்டமாட்டேன். கொஞ்சம் கோபமாகக்கூட இருக்கிறது.

நான் செலவழித்துவிட்டிருந்தால்? தையல் மிஷின், ஓடு, காசி. அந்தத் துணிச்சல் அவளுக்கு எங்கிருந்து வந்தது? வேறு இடம் இல்லாததால் வந்திருக்கும்.

அண்ணன் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். நாளை மனையும் வாங்காமல், அம்மா வீட்டுக்கே கொடுக்கலாம். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் ஒன்றைச் செய்து எனக்குப் பழக்கமில்லை.

இரவு இவர்: "வெள்ளிக்கெழமை மறந்துடாத. ரத்தினம் காத்திருப்பான்." டின்னைக் கிளறிப் பார்த்திருக்கிறார். அரிசியில் கை அடையாளம். அரிசியைச் சமமாகத் தடவி மூடினேன்.


ஜூலை 13, வியாழன்

தபால் ஆபீஸ் கிளார்க்கிடம், ஒரு வாசகிக்காக என்று சொல்லி விசாரித்தேன். பெண்பிள்ளை தன் பெயரில் தனியாகக் கணக்குத் தொடங்கலாம். புருஷன் கையெழுத்து வேண்டாம். அவள் நேரில் வரவேண்டும். தெரிந்தவர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

தெருவிளக்கு மனுக்காரர் வந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டேன். "படிச்சுப் பாக்கலியாம்மா?" என்று கேட்டார். குறும்பு.

பூட்டும்போது பீரோவிலிருந்து பொட்டலத்தை எடுத்துக்கொண்டேன். இவரிடம் ர.வுக்கு என்ன சொல்வது என்று யோசிக்கவில்லை. ஆறாவது கப்பை எடுத்து மேஜையில் வைக்கலாம்.

நாளை வெள்ளி, விடுமுறை. அண்ணன் ஊருக்கு எட்டு மணி பஸ். அண்ணன் இருந்தால், 'அண்ணியைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சாமி முன்னால் கேட்கிறேன்' என்று சொல்லிக் கிளப்ப வேண்டும். அவர் நம்புவார், அவர் சொன்ன வேலைதானே. ஆனால் கோயிலுக்கு முன்னால் தபால் ஆபீஸ். அண்ணி தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதுவாள். கீழே சாட்சியாக நான். பாஸ் புத்தகம் கலைக்களஞ்சியத்துக்குப் பின்னால்.

இவருக்குத் தெரியாது. அண்ணனுக்குத் தெரியாது. அண்ணிக்கே இன்னும் தெரியாது. பணத்தை முந்தானையில் முடிந்து பார்த்தேன். கனமே இல்லை.