பிஸ்கட் என்று நான் எழுதிய பெட்டிகள்

என் உயிரான சின்னப்பண்ணா,

நீ இறந்த சேதி மாரிகுப்பத்துக்கு வந்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. டிரான்ஸ்வாலில் இங்கிலீஷ்காரருக்கும் போயருக்கும் நடக்கும் சண்டை இன்னும் ஓயவில்லை. அங்கேயும் நம்மூர் போல மண்ணுக்கடியில் தங்கம்தானாம். காயம்பட்ட சிப்பாய்களை டோலியில் தூக்கப் போன உனக்கும் அந்தத் தங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

உன்னோடு டோலி தூக்கிய எல்லப்பன் போன வாரம் திரும்பினான். ரோசம்மா அண்ணி எதிரில் அதிகம் பேசவில்லை. வெளியே வந்ததும் சொன்னான்.

"பாலத்துக்கு அடியில போயருங்க டைனமைட் வெச்சிருந்தாங்க. உங்க அண்ணன் ஏறச்சொல்லோ வெடிச்சிடுச்சி. கரையில காலிப் பெட்டிங்க கெடந்துச்சி. மேல இன்னாவோ இங்கிலீஷ் எழுத்து. ஒண்ணு மட்டும் திரும்பினு இருக்குதுன்னு சோல்ஜருங்க காட்டுனாங்க."

வரைந்து காட்டச் சொன்னேன். குச்சியால் தரையில் கிறுக்கினான். இடம் வலம் மாறிய எஸ்.

நீ கப்பலேறும் முன்பு, நான் வேலை செய்யும் சுரங்க ஸ்டோரில் சில டைனமைட் பெட்டிகளின் எழுத்தை அழித்து 'பிஸ்கட்' என்று எழுதச் சொன்னார் ஸ்டோர் துரை. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அவர் காட்டிய காகிதத்தைப் பார்த்து வரைந்தேன். எஸ்ஸைத் திருப்பிப் போட்டுவிட்டேன். அதைச் சுட்டிக்காட்டிச் சிரித்தார். பெட்டிகள் டிரான்ஸ்வாலுக்குப் பக்கத்திலிருக்கும் போர்த்துகீசியர் துறைமுகத்துக்குப் போவதாகப் பேச்சு. போயர்களுக்குச் சாமான் வருவதும் அந்த வழியில்தான் என்கிறான் எல்லப்பன்.

இங்கிலீஷ் சேனை ஜெயிக்க வேண்டுமென்று கிளப் வாசலில் கொடியேற்றியவரும் அதே துரைதான். நேரே போய்க் கேட்டேன். முகம் மாறவில்லை. "மேஸ்திரி வேலை வேணுமா உனக்கு?" என்றார். நான் கேட்டது அது இல்லையே, அண்ணா?

பெட்டியைத் திறந்து பார்க்காத துறைமுக அதிகாரிக்கு என்ன கிடைத்தது? ஏற்றிய கப்பல்காரன் எந்த தேசத்தான்? சில நேரம் எல்லப்பன் மேலேயே சந்தேகம். என் வாயைக் கிளற யாராவது அனுப்பினார்களோ?

அண்ணியிடம் சொல்லிவிட்டேன். அரிசி களைவதை விட்டுத் திரும்பினார்.

"தெரிஞ்சா எழுதுன?"

"இல்ல அண்ணி."

"இன்னாத்துக்குன்னு கேட்டியா?"

"கேக்கல."

"ஏன் கேக்கல?"

எழுதியதற்குத் துரை ஒரு புது வேட்டி கொடுத்திருந்தார். கடைசியில் அதையும் சொன்னேன். அண்ணி களைந்த அரிசியை உலையில் போட்டார். பிறகு, "போலீஸ் கச்சேரிக்குப் போலாம், நானும் வரேன். உன்னியும் சேத்து சொல்லு" என்றார்.

போனோம். நான் சொன்னதைக் குமாஸ்தா கச்சேரி பாஷையான கன்னடத்தில் எழுதிப் படித்துக் காட்டினார்.

"துரை பேரு எங்க?" என்றார் அண்ணி.

"அதெல்லாம் வேண்டாம்மா. இவன் பேர் போதும்."

நான் கையெழுத்துப் போடவில்லை. மறுநாள் ஸ்டோருக்குள் என்னை விடவில்லை. யார் சொன்னது, அதற்குள்?

விடமாட்டேன், அண்ணா. துரையின் பெயரும் என் பெயரும் ஒரே காகிதத்தில் ஏறும்வரை கச்சேரிப் படியேறுவேன். தண்டனை வந்தால் எனக்குரியதை நான் வாங்கிக்கொள்வேன்.

உன்னைக் கொன்றவர்களில் தானும் ஒருவனோ என்று அஞ்சும்,
உன் கூடப் பிறந்த தம்பி,
அந்தோணி