ஏழாம் நம்பர் மலை

05.03.2024 செவ்வாய்

நெல் இரண்டு வெயில் கண்டுவிட்டது. இன்னும் ஒரு வெயில் போட்டால் மூட்டை கட்டலாம்.

காலையில் மாதர் சங்கத் தலைவி நாகேஸ்வரி கொப்பியும் பேனையுமாக வந்தாள். சங்கத்துப் பெண்கள் பஸ் பிடித்துச் சுற்றுலா போகிறார்களாம். நான்கு நாள். கண்டி, பேராதனைப் பூந்தோட்டம், நுவரெலியா, எல்லவில் ஒன்பது வளைவுப் பாலம், கடைசியில் கதிர்காமம். நான் விரித்திருந்த படங்கில் கிடந்த நெல்லைக் காலால் கிளறிக்கொண்டே நின்றேன். நிமிரவில்லை.

"அண்ணை, ஆம்பிளையளுக்கும் ரெண்டு சீற் வச்சிருக்கிறன். நீங்களும் வாங்கோவன். நுவரெலியாக் குளிருக்கு உங்கட கோவமும் கட்டியாப் போகும்."

"நான் பார்த்த மலை போதும்" என்றேன்.

அவள் போகத் திரும்பியபோது என் மனைவி ராக்கம்மா குசினியிலிருந்து வந்து, "ஏம் பேர எழுதிக்க நாகேசு" என்றாள். கை ஈரம். என் முகத்தைப் பார்க்கவில்லை. கல்யாணம் கட்டி ஐம்பது வருடத்தில் என்னைக் கேட்காமல் அவள் எதற்கும் பெயர் கொடுத்ததில்லை.

பஸ் பண்டாரவளை தாண்டிப் போகும். நாங்கள் பிறந்த தேயிலைத் தோட்டத்தின் வாசலைக் கடந்து போகும். அந்தத் தோட்டத்தின் பெயரை நான் இந்தக் கொப்பியில் எழுதுவதில்லை.

06.03.2024

சோறு மட்டும் நேரத்துக்கு வந்தது.

08.03.2024 வெள்ளி

இன்றைக்குச் சண்டை. நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். பிறகு நான் சொல்லாததைச் சொன்னதாக யாரும் சொல்லக் கூடாது.

சுற்றிப் பார்க்கப் போவது என்றாலே எனக்கு ஆகாது. 2010இல், போர் முடிந்து முகாமிலிருந்து திரும்பி, கூரை போன வீட்டுக்குத் தகரம் போட்டுக்கொண்டிருந்தோம். அப்போது தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்தார்கள். கிளிநொச்சியில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கிக்கு முன்னால் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்தார்கள். ஐஸ்கிறீம் தின்றார்கள். நான் சைக்கிளைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருவன் அழுத இடம் இன்னொருவனுக்குப் பார்க்கும் இடம். இப்போது எங்கள் ஊர்ப் பெண்களே நாங்கள் அழுத மலைக்குப் படம் எடுக்கப் போகிறார்கள்.

இதைத்தான் சொன்னேன்.

"நான் படம் எடுக்கப் போகல. எம் புள்ளயப் பாக்கப் போறேன்" என்றாள்.

1977 ஆவணிக் கலவரத்தில் நாங்கள் குடியிருந்த லயங்களுக்குத் தீ வைத்தார்கள். மூன்று நாள் தேயிலைச் செடிகளுக்குள் மழையில் கிடந்தோம். அமராவதிக்கு இரண்டரை வயது. முதல் பிள்ளை. காய்ச்சல் நெஞ்சில் இறங்கிவிட்டது. எங்கள் வழக்கப்படி பெண்கள் சுடலைக்கு வருவதில்லை. நான் பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டேன். சிநேகிதன் மாயாண்டி மண்வெட்டி கொண்டு வந்தான். இரண்டு பேர்தான். அடுத்த நாள் லொறி ஏறி வடக்கே வன்னிக்கு வந்தோம். மாயாண்டி முள்ளிவாய்க்காலில் போய்விட்டான். அந்த இடம் தெரிந்தவன் இந்த உலகத்தில் இனி நான் ஒருவன்தான்.

"ஏங் கையிலருந்து வாங்கிட்டுப் போனீங்க. திரும்பி வரும்போது வெறுங்கை. மேடா, பள்ளமா, எங்க வச்சீங்க, ஒண்ணும் எனக்குத் தெரியாது."

"ஏழாம் நம்பர் மலை. நூறு தரம் சொல்லியாச்சு." தோட்டத்தில் மலைகளுக்குப் பெயர் இல்லை, நம்பர்தான்.

"சொன்னீங்க. காட்டல."

லொறியில் ஏறும்போது, இனி இந்த மண்ணில் கால் வைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அதை ஏன் மாற்ற வேண்டும்? யார் வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள்?

15.03.2024 வெள்ளி

விடியப் போய்விட்டாள். மகன் சதீஸ் மோட்டார் சைக்கிளில் மாங்குளம் சந்திக்கு ஏற்றிப் போனான். புறப்படும்போது, "வர்றீங்களா?" என்று ஒரே ஒரு தரம் கேட்டாள். நான் மண்வெட்டியைத் தேடுவதுபோல் கொட்டிலுக்குள் போய்விட்டேன்.

திரும்பி வந்த சதீஸ் சொன்னான்: "அம்மா ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒண்டுதான் அப்பா. நீங்கள் போனால் உங்கட கிரீடம் விழுந்திடுமே?"

வன்னியில் பிறந்தவன். வன்னிப் பேச்சுத்தான் அவன் வாயில் வரும். அவனுக்கு அந்த மலையும் தெரியாது, அக்காவையும் தெரியாது.

பின்னேரம் பேராதனையில் எடுத்த படம் அவனுடைய போனுக்கு வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பார்த்தேன். பெரிய மரம் ஒன்றின் கீழ் நிற்கிறாள். சிரிக்கவில்லை. சதீஸின் சுவெற்றர் அவளுக்கு முழங்கால் வரைக்கும் இருக்கிறது.

16.03.2024 சனி

பகல் பன்னிரண்டரைக்குப் போன் அடித்தது. அவள்தான். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. மூன்றாம் தரம் எடுத்தேன். ஒரே காற்றுச் சத்தம்.

"என்னங்க, நம்ம தோட்டத்துல நிக்கிறேன். பஸ்ஸ நாப்பது நிமிசம் நிப்பாட்டியிருக்காங்க. லயம் இருந்த எடத்துல இப்பக் கார் நிப்பாட்டுறாங்க. எனக்குத் தெசையே தெரியல. கொழுந்தெடுக்குற பொண்ணு ஒண்ணு கூட்டிட்டுப் போறேங்குது. எப்படிப் போகணும்னு சொல்லுங்க."

வாயைத் திறந்தால் குரல் உடைந்துவிடும். அது அவளுக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்தேன்.

"ஏழாம் நம்பர் மலை. தண்ணி ஓடுற கான் ஓரமா, மேல் வரிசை. மூணு கல்லு வச்சேன். இப்ப இருக்காது."

வைத்துவிட்டேன்.

மத்தியானம் மருமகள் ஜெயரூபி சோறு கொண்டுவந்து வைத்தாள். தின்னவில்லை. கண்டுபிடித்தாளா என்று கேட்கலாம். போன் கையில்தான் இருந்தது. கேட்கவில்லை.

18.03.2024 திங்கள்

வந்துவிட்டாள்.

போனவள் வேறு, வந்தவள் வேறு. பையைக் கீழே வைக்க முதல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வாசலில், எல்லாரும் பார்க்க, என் கையைப் பிடித்தாள். இந்த வயதில்.

"நல்ல எடமாப் பாத்துத்தான் வச்சிருக்கீங்க" என்றாள். "இத்தன வருசமா, எம் புள்ளய ஏதோ குழியில போட்டு மூடிட்டு ஓடி வந்துட்டாருன்னு உங்கள உள்ளுக்குள்ள ஏசிக்கிட்டே இருந்தேன். எனக்கு என்ன தெரியும்? நேருக்கு நேர் அருவிங்க. ராசாத்தி மாதிரி ஒக்காந்திருக்கா. வெளிநாட்டு ஆளுக எல்லாம் அந்த எடத்தப் பாக்கத்தான் பிளேன் ஏறி வர்றாங்களாம். கற்பூரம் கொளுத்திட்டு மண்ணக் கட்டிப் புடிச்சு அழுதேன். ஒடம்பெல்லாம் ஆறிப் போச்சு."

நாகேஸ்வரி பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்தாள். "அண்ணை, இஞ்ச கல்லு மாதிரி இருந்துகொண்டு, அங்க இப்பிடி ஒரு வடிவான இடத்தைப் பாத்து வச்சிருக்கிறியள்."

அருவியா?

ஏழாம் நம்பர் மலையிலிருந்து அருவி தெரியாது. சத்தம் மட்டும்தான் கேட்கும்.

19.03.2024 செவ்வாய்

நாகேஸ்வரி எடுத்த வீடியோவைச் சதீஸ் போட்டுக் காட்டினான். ராக்கம்மா ஏறுகிறாள், மூச்சு வாங்குகிறாள். முன்னால் கொழுந்துக் கூடையோடு அந்தப் பெண் போகிறது. திரும்பி நின்று சொல்கிறது: "இதுதான் பாட்டி ஏழாம் நம்பரு. முன்ன இது மூணுன்னு எங்க அம்மாச்சி சொல்லும். கம்பெனி வந்தப்ப மலை நம்பரெல்லாம் மாத்திப்புட்டாங்க."

ராக்கம்மாவுக்கு அது கேட்கவில்லை. அவள் அதற்குள் கீழே விழுந்து அழத் தொடங்கிவிட்டாள்.

அவளுக்குப் பின்னால் அருவி, வெள்ளைச் சேலை காயப் போட்டதுபோல. அந்த இடம் பழைய மூன்றாம் நம்பர்தான். எனக்குத் தெரியாதா? கவ்வாத்துக் கத்தியோடு அந்த மலையில் செடி வெட்டியவன் நான். ஒவ்வொரு பாறையும் தெரியும். பிள்ளை இருப்பது அதற்கு எதிர்ப்பக்கம், பள்ளம் தாண்டி.

"இன்னொருக்காப் போடு" என்றேன். மூன்று தரம் போட்டான். "அப்பாவுக்கும் ஆசை வந்திட்டுது" என்று ஜெயரூபியிடம் சொல்லிச் சிரித்தான்.

இன்னும் ஒரு நிமிடம் நான் போனை வைக்காமல் இருந்திருந்தால், அருவி தெரியுது என்று சொல்லியிருப்பாள். அங்கே இல்லை, இந்தப் பக்கம் வா என்று சொல்லியிருப்பேன். ஒரு நிமிடம். என் குரல் உடைந்தது தெரியக் கூடாதாம். பெரிய ஆள்.

22.03.2024

சொல்லப் போனேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "உப்புப் போதுமான்னு நேத்துச் சொல்லவேயில்லையே?" என்றாள். போதும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

02.04.2024 செவ்வாய்

மத்தியானம் நல்ல மழை.

மழை பெய்தால் ராக்கம்மா படுக்க மாட்டாள். எந்த நேரமானாலும் எழும்பி வாசலில் போய் நிற்பாள். விடும்வரை நிற்பாள். முன்பு தர்மபுரத்தில் குடியிருந்தபோதும் அப்படித்தான், முகாமில் கூடாரத்துக்குள்ளும் அப்படித்தான். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்கத் தேவையில்லை.

இன்று பாயில் படுத்திருந்தவள் எழும்பவில்லை. தகரத்தில் அடித்த மழையில் நான் எழும்பி வாசலில் நின்றேன். திரும்பிப் பார்த்தால், வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுத் தூங்குகிறாள்.

இனி எப்படிச் சொல்வது?

03.04.2024

உண்மையை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

அவள் உள்ளுக்குள் ஏசியதுதான் சரி. இடம் பார்த்து வைக்கவில்லை. மலையின் மடிப்புக்குள் இருட்டான பள்ளம் அது. கூச்சல் கேட்டது. ஆட்கள் வருகிறார்கள் என்று மாயாண்டி சொன்னான். இரண்டடிகூட வெட்டவில்லை. தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள்தான் வைத்தேன். மண்ணைத் தள்ளி, கையில் அகப்பட்ட மூன்று கல்லை வைத்துவிட்டு ஓடினோம். குழியில் போட்டு மூடிவிட்டு ஓடி வந்தவன்தான் நான்.

அவள் என்னை மன்னித்தது இன்னொரு மலையில்.

14.04.2024 ஞாயிறு

வருடப் பிறப்பு. அந்தப் படத்தைச் சதீஸ் மாங்குளத்தில் பெரிதாக எடுத்துச் சட்டம் போட்டு வந்தான். ராக்கம்மாவும் அருவியும். சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. வந்த ஆட்கள் எல்லாம், "என்ன வடிவான இடம்" என்கிறார்கள். நான் வாசல் பக்கம் முகம் இருக்கும்படி கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

21.07.2024 ஞாயிறு

"ஆவணியில நாப்பத்தேழு வருசம்" என்றாள். "ரெண்டு பேரும் ஒருக்காப் போயிட்டு வருவமா? நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். பக்கத்துல வந்து நின்னாப் போதும்."

"போவம்" என்றேன். அவள் வாய் மூடு முன்பே சொல்லிவிட்டேன்.

சதீஸ் வெளியே போய் வானத்தைப் பார்த்தான். "ஜெயரூபி, காயப் போட்டதுகளை எடு. இண்டைக்கு மழை கொட்டப் போகுது!"

சிரிக்கட்டும். அப்பா இறங்கி வந்துவிட்டார் என்று ஊர் பேசட்டும். அங்கே போய், கையைப் பிடித்துக் கூட்டிப் போய், சரியான இடத்தைக் காட்டிச் சொல்லிவிடுவேன். தவறைத் திருத்தாமல் விட்டுப் பழக்கமில்லை எனக்கு.

27.08.2024 செவ்வாய், பண்டாரவளை

மாலை ஐந்தரை மணி. வாடகை அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ராக்கம்மா கம்பளியைப் போர்த்துக்கொண்டு தேத்தண்ணீர் குடிக்கிறாள்.

நேற்று வவுனியா, கண்டி, பண்டாரவளை என்று மூன்று பஸ். இன்று காலை தோட்ட வாசலில் இறங்கினோம். கால் வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. மண் மண்ணாகத்தான் இருந்தது.

அவள்தான் வழி காட்டினாள். எனக்கு! "மெதுவா, வழுக்கும்" என்று என் கையைப் பிடித்து ஏற்றினாள். மேலே இரும்பு வேலி போட்டு, பலகை நட்டு, பார்க்கும் இடம் ஆக்கியிருக்கிறார்கள். பிள்ளைகள் எல்லாம் போனைக் கம்பில் மாட்டி நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அருவி நேருக்கு நேர் கொட்டுகிறது. அழகுதான். இல்லை என்று சொல்ல முடியாது.

வேலியைத் தாண்டிக் கான் ஓரம் போய் நின்றாள். "இதோ."

நான் பள்ளத்துக்கு அப்பால், பழைய ஏழாம் நம்பரைப் பார்த்தேன். மடிப்பைத் தேடினேன். மடிப்பு இல்லை. நிரவிவிட்டார்கள். தேயிலை இல்லை. மரத்தால் சின்னச் சின்னக் குடில்கள், வெட்டிய புல்தரை, நீலக் குடைகளின் கீழ் கதிரைகள். ஒரு வெள்ளைக்காரப் பெண் சாய்ந்து கிடந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். அவள் கால் நீட்டியிருந்த இடமா, அதற்குக் கொஞ்சம் மேலேயா? சரியாகச் சொல்ல எனக்கே முடியவில்லை. தெரிந்த ஒருவனுக்கும் இனித் தெரியாது.

"என்னங்க, அங்க என்ன பாக்குறீங்க? புள்ள இங்க கெடக்கு."

"மேகம் எறங்குது. அதப் பாத்தேன்."

"சரியான எடத்துக்குத்தானே வந்திருக்கேன்? நீங்க வச்ச எடந்தானே?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எழுபது வயது. சேலைத் தலைப்பில் கற்பூரத்தை முடிந்து வைத்திருந்தாள், வன்னியிலிருந்து.

"ஆமா" என்றேன்.

வெற்றிலை வைத்தாள். இனிப்பு வைத்தாள். கற்பூரத்தை என் கையில் தந்து, "இந்தத் தரம் அப்பன் கொளுத்தட்டும்" என்றாள். குந்தினேன். கொளுத்தக் கொளுத்த அணைந்தது. காற்று பள்ளத்துப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. எழும்பிச் சுற்றி வந்து, அந்த மலைக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தேன். பிறகு அணையவில்லை.