இடப்பக்கச் சாய்வு

1871 பிப்ரவரி 6, கோபன்ஹேகன்

பாலே வகுப்பறையில் இன்றும் கணப்பு அடுப்பு மூட்டவில்லை. பிள்ளைகள் சால்வையோடு ஆடினார்கள். என் இடுப்பு வலி மோசம்.

பிப்ரவரி 8

குதித்து இறங்கும்போது என் மாணவிகள் ஆறு பேரும் தலையை இடப்பக்கம் சாய்க்கிறார்கள். ஒருத்தி என்றால் சரி, ஆறு பேருமா? "எவடி இதைக் கத்துக்குடுத்தா?" என்று கத்தினேன்.

டோர்தேயாவுக்குப் பன்னிரண்டு வயது, வாய்க்கு முப்பது. "நீங்கதான் டீச்சர். நீங்க அப்படித்தானே இறங்குறீங்க?"

பிப்ரவரி 9

கண்ணாடி முன் குதித்துப் பார்த்தேன். உண்மைதான். வலது இடுப்பு குத்தியதும் தலை தானாகச் சாய்கிறது. மூன்று வருடமாக வலியை மறைத்துவிட்டதாக நினைத்திருந்தேன் — பாடமாகவே நடத்தியிருக்கிறேன்!

பிப்ரவரி 15

ஆடிக்காட்ட முடியாத பாலே ஆசிரியைக்கு எங்கள் அரங்கில் வேலை கிடையாது. பிள்ளைகளைத் திருத்த வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் மேலிடத்துக்குப் போகும். சொல்லாவிட்டால்? இதுகள் கோணிக்கொண்டே வளரும். என்னதான் செய்வது?

பிப்ரவரி 17

சொல்லிவிட்டேன். "அது நடனம் இல்லடி, என் இடுப்பு வலி." சிரிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. "எங்களுக்குத்தான் வலிக்கலையே, அப்புறம் ஏன் சாய்க்கணும்?" என்றாள் டோர்தேயா. அதன்பின் திருத்துவது சுலபமாகத்தான் இருந்தது.

மார்ச் 3

மேலாளர் ஹோல்ம்கார்ட் வகுப்பைப் பார்வையிட்டார். ஆறு தலையும் நேர். அவர் முகம் விழுந்துவிட்டது.

"அந்தச் சாய்வு எங்க மேடம்? போன வருஷம் பார்க்க வந்த ஸ்டாக்ஹோம்காரங்க அதைத்தானே பாராட்டிட்டுப் போனாங்க! நம்ம பாணின்னு நான் ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்!"

பொய் நாக்கு நுனி வரை வந்தது. பிள்ளைகள் என்னையே பார்த்தார்கள்.

"பாணி இல்லீங்க. எனக்கு இடுப்பு போச்சு."

மார்ச் 20

ஓய்வுக் கடிதம். இருபத்திரண்டு வருடம், நாலு வரி. அழுதேன்.

அக்டோபர் 14

டிக்கெட் வாங்கி மேல்மாடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். என் பிள்ளைகள் ஆறு பேரும் மேடையில். குதித்து இறங்கியபோது ஐந்து தலைகள் இடப்பக்கம் சாய்ந்தன. மேலாளர் சொல்ல, புது ஆசிரியர் பழக்கியிருக்கிறார். ஒரே கைதட்டல். டோர்தேயா மட்டும் நேராக இறங்கினாள்.

பக்கத்தில் இருந்த அம்மாள் உச்சுக் கொட்டினாள். "அந்தக் கடைசிப் பொண்ணு மட்டும் தப்பா ஆடுது பாருங்க. யாரு சொல்லிக்குடுத்தாங்களோ!"

"நான்தான்," என்றேன்.