முதலாளி சூடம் காட்டுன இடம்

கோவக்காரிக்கு,

ரைஸ்மில் பெல்ட்டுக்குக் கூண்டு போட்டாத்தான் வருவேன்னு மாயவரத்துல மக வீட்டுல போய் உக்காந்துக்கிட்டா எப்படி? நான் என்ன மில்லுக்கு முதலாளியா?

நாங்க எப்ப கூண்டு கேட்டாலும் முதலாளி, "கவனமா நின்னா போதும்யா"ன்னுதான் சொல்வாரு.

ஆயுத பூஜை அன்னிக்கு, "ஓடுற மிஷினுக்கு நீங்களே சூடம் காட்டுங்க முதலாளி, தொழில் விருத்தியாகும்"னு சொல்லி, நான் தினம் நிக்கிற இடத்துல அவர நிக்க வச்சேன். சுவிட்ச்சுல என் கை தயாரா இருந்துச்சு. காத்துல பறந்த அவரோட பட்டு அங்கவஸ்திரத்த பெல்ட்டு கவ்விருச்சு. உடனே நிறுத்திட்டேன்.

"கவனமாத்தானேங்க நின்னீங்க?"ன்னு கேட்டேன்.

மறுநாளே கூண்டு மாட்டியாச்சு. அப்படியே தவிட்டுத் தூசிக்கு மாஸ்க்கும் கேட்டுப் பாத்தேன். பேசி முடிக்கிறதுக்குள்ள எந்திரிச்சுப் போயிட்டாரு. உங்கிட்டதான் கத்துக்கிட்டிருப்பாரு.

இப்படிக்கு,
பத்து விரலோட காத்திருக்கிற
உன் புருசன்